விதையின் நிறத்தை நம்பாதீர்கள்: விக்னா பேரினக் காயும் விதையும், பிராக்டிகல் தேர்வுக்காக

தாவரவியல் பிராக்டிகல் தேர்வில் தட்டில் இரண்டு விதைகள் இருக்கும். ஒன்று கருப்பு, ஒன்று பச்சை. பார்த்த மாத்திரத்தில் உளுந்து, பாசிப்பயறு என்று எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த ஸ்பாட்டருக்கு, அதாவது அடையாளம் காண வைத்திருக்கும் அடுத்த மாதிரிக்கு, நகர்ந்துவிடுகிறார்கள். பெயருக்கு மதிப்பெண் வரும். அடையாளப் பண்புகள் என்ற இடத்தில் 'கருப்பு நிறம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கே வராது. அது நியாயம்தான். பச்சைத் தோல் உளுந்து உண்டு. கருப்பு, மஞ்சள், பழுப்புத் தோல் பாசிப்பயறும் உண்டு. உளுந்து, பாசிப்பயறு, காராமணி எல்லாம் அடங்கிய விக்னா பேரினத்தில் நிறம் ரகத்துக்கு ரகம் மாறும். உளுந்தையும் பாசிப்பயறையும் பிரிக்க நம்பக்கூடியவை விதைத்தழும்பு, காயின் மேல் உள்ள மயிர், செடியில் காய் நிற்கும் விதம்.

முதலில் விதைத்தழும்பு, அதாவது விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின் தடம். ஹைலம் என்று சொல்வதும் இதையே. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். உளுந்தின் தழும்பு வெள்ளையாக, நீளவாக்கில் இருக்கும். நடுப்பகுதி குழிந்து, சுற்றிலும் விளிம்பு வரப்புக் கட்டியதுபோல் எழும்பி நிற்கும். விதையை விரல்களில் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள், நகம் இடறும். பாசிப்பயறில் தழும்பு விதையின் மேற்பரப்போடு மட்டமாகப் படிந்திருக்கும், நகம் வழுக்கிக்கொண்டு போகும். லென்ஸ் கிடைக்காத தேர்வு அறையிலும் இந்தச் சோதனை கைகொடுக்கும். காராமணியில் தழும்பைச் சுற்றி நிறம் மாறிய வளையம், அதாவது 'கண்', பெரும்பாலான ரகங்களில் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. மளிகைக் கடையில் வாங்கிய பழைய பாசிப்பயறில் தழும்பைத் தவிர இன்னொரு வெள்ளைப் புள்ளியும் ஒட்டியிருக்கும். அது பயறு வண்டின் முட்டை. தாய் வண்டு தோலின் மேல் முட்டையை ஒட்டிவிடும். புழு பொரித்து அடிப்பக்கமாகவே விதைக்குள் துளைத்துப் போனபின் முட்டைக்கூடு வெண்புள்ளியாக நிற்கும். ரெக்கார்டில் இரண்டு தழும்பு வரைந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஊசி முனையால் நெருடினால் முட்டை உதிர்ந்துவிடும், தழும்பு உதிராது. வட்டமான ஓட்டை உள்ள விதை என்றால் வண்டு வெளியேறிவிட்டது. அதை ஸ்பெசிமனாக வைக்காதீர்கள்.

பாசிப்பயறின் பளபளப்பையும் மங்கலையும் வைத்து இரண்டு இனம் என்று நினைக்க வேண்டாம். சில ரகங்களில் காயின் உட்சவ்வு விதைத்தோல் மேல் படிந்து மண் பூசியதுபோல் மங்கலாகக் காட்டும். ஈரத்துணியில் தேய்த்தால் அந்தப் பூச்சு ஓரளவு விட்டுவரும்.

காய்க்கு வருவோம். உளுந்தங்காய் 4 முதல் 7 செ.மீ. நீளம், செடியில் நிமிர்ந்தோ சற்றே சாய்ந்தோ நிற்கும், மேலே நீண்ட மயிர் அடர்ந்திருக்கும். பாசிப்பயற்றங்காய் 5 முதல் 10 செ.மீ.; பக்கவாட்டில் விரிந்தோ தொங்கியோ இருக்கும்; மயிர் குட்டையானது. உளுந்தில் காய்க்கு 4 முதல் 10 விதை, பாசிப்பயறில் 8 முதல் 15 வரை. முற்றிய காய் இரண்டிலும் கறுத்துப்போகலாம், அதனால் காயின் நிறமும் உதவாது. காராமணியில் கவனம் தேவை. காய்கறிக் கடையில் விற்கும் பயத்தங்காய் 30 செ.மீ.க்கு மேல் நீண்டு தொங்கும்; அதே இனத்தின் குட்டைக்காய் வகையில் காய் நிமிர்ந்து நிற்கும். காய் நிற்கும் விதத்தை மட்டும் வைத்து அந்த இனத்தைத் தீர்மானிக்க முடியாது. வரப்போரத்தில் படரும் நரிப்பயறு கிடைத்தால் விடாதீர்கள்: மூன்று மடலாகப் பிளந்த சிற்றிலை, 3 முதல் 5 செ.மீ. நீளத்தில் மெலிந்து உருண்ட காய், ஏறக்குறைய மயிரே இல்லை, விதை மிகச் சிறியது.

காய் நிற்கும் விதம் தட்டில் தெரியாது, வயலில்தான் பார்க்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இது எளிது. புவனகிரி, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். தை மாதம் தெளித்தது பங்குனி வாக்கில் முற்றும், செமஸ்டர் பிராக்டிகலும் அதை ஒட்டியே வரும். புதுச்சேரி மாணவர்கள் பாகூர் பக்கம் போய்ப் பார்க்கலாம். வயல்காரரிடம் கேட்டுவிட்டு, காலையில் பனி காய்வதற்குள் பறியுங்கள். வெயில் ஏறினால் முற்றிய காய் வெடித்து, ஓடு முறுக்கிக்கொண்டு, விதை சிதறிவிடும். காய்ச்சுவரின் உள்ளடுக்கு நார்கள் சாய்வாக ஓடுகின்றன. காயும்போது அவை சுருங்குவதால்தான் அந்த முறுக்கு. பச்சைக்காய், முற்றிய காய், வெடித்த காய் மூன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, இடம், தேதி, காய் நின்ற விதம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும்.

அளவு எடுக்கும்போது ஒரு காயை மட்டும் அளந்து எழுதாதீர்கள். பத்துக் காய்களின் நீளம், அகலம், விதை எண்ணிக்கை எடுத்துக் குறைந்தது, கூடியது இரண்டையும் எழுதுங்கள். நூறு விதை எடையும் சேர்த்தால் நல்லது. விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈர விதை எடையைக் கூட்டிக் காட்டும்.

படத்தில் தவறு நேரும் இடம் விதைகள் ஒட்டியிருக்கும் பொருத்துக்கோடு. விக்னாவின் கனி ஒற்றைச் சூலக இலையிலிருந்து வந்த இருபுற வெடிகனி. சூல் ஒட்டுமுறை விளிம்பு வகை, அதாவது சூல்கள் சூலக இலையின் விளிம்புகள் சேரும் கோட்டில் ஒட்டியிருக்கும். விதைகள் மேற்பொருத்தில் இரு வரிசையாக மாறி மாறி ஒட்டியிருக்கும். ஆகவே காயைப் பிளந்தால் ஒரு ஓட்டில் ஒன்று, அடுத்த ஓட்டில் அடுத்தது என்றுதான் விதைகள் பிரியும். எல்லா விதையையும் ஒரே ஓட்டில் வரிசையாக வரைந்தால் காயைத் திறந்தே பார்க்கவில்லை என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும். காம்பு முனையில் புல்லி எச்சத்தையும் நுனியில் சூல்தண்டின் அலகையும் விட்டுவிடாதீர்கள்.

விதையின் உள்ளமைப்புக்கு 6 முதல் 8 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய விதையைத் துடைத்து மெதுவாக அழுத்தினால் தழும்பின் ஒரு முனையில் நீர்த்துளி கசியும், அதுவே விதைத்துளை. முளைவேரின் நுனி அந்தப் பக்கம்தான் இருக்கும். தழும்பின் மறுமுனையில் தெரியும் சிறு புடைப்பு லென்ஸ் எனப்படும் பகுதி (கைலென்ஸ் அல்ல, விதையின் ஒரு பாகத்துக்கே அந்தப் பெயர்). தோலை உரித்தால் இரண்டு பருத்த விதையிலைகள், வளைந்த முளைவேர், இரண்டு இலைகள் தெளிவாகத் தெரியும் முளைக்குருத்து. உணவெல்லாம் விதையிலையில், முளைசூழ்தசை (கருவைச் சுற்றி உணவு சேமிக்கும் திசு) கிடையாது.

சில விதைகள் ஊறாமல் கல்லாகவே கிடக்கும். விதைத்தோலின் வெளி அடுக்கில் நெருங்கி நிற்கும் தடித்த செல்கள் நீரை விடவில்லை என்று பொருள். விதை செத்துவிட்டது என்று எழுதாதீர்கள். தழும்பு இல்லாத பக்கத்தில் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி ஊறப்போட்டால் உப்பிவிடும். இந்தக் குடும்பத்துப் பல விதைகளில் தழும்பு ஒருவழி வால்வுபோல் வேலை செய்கிறது: காற்று வறண்டால் அதன் பிளவு திறந்து ஈரத்தை வெளியேற்றும், காற்றில் ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். வைவாவில் 'தழும்பின் பணி என்ன' என்று கேட்டால் 'சூல்காம்பு இருந்த தடம்' என்பதோடு நிறுத்தாமல் இதையும் சொல்லுங்கள்.

முளைப்பில் பட்டாணியை நினைத்துக்கொண்டு 'தரைகீழ் முளைத்தல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. உளுந்து, பாசிப்பயறு, காராமணி மூன்றும் தரைமேல் முளைப்பவை, விதையிலை மண்ணைவிட்டு எழும்பும். இதே பேரினத்தின் அட்சுகி பயறு தரைகீழ் முளைக்கும். 'பேரினம் முழுவதும் ஒரே வகை' என்று பொதுமைப்படுத்தினால் அதனால்தான் தவறாகிறது.

வகைப்பாட்டில் உங்கள் பாடத்திட்டம் பெந்தம், ஹூக்கர் என்ற இருவரின் பழைய முறை என்றால் பாப்பிலியோனேசி என்றே எழுதுங்கள். புதிய முறை என்றால் குடும்பம் ஃபேபேசி, துணைக்குடும்பம் பாப்பிலியோனாய்டியே. இரண்டையும் கலக்காதீர்கள். உளுந்தும் பாசிப்பயறும் லின்னேயஸ் காலத்தில் ஃபேசியோலஸ் பேரினத்தில் இருந்தவை, பழைய நூலில் அந்தப் பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம்.

விடை இந்த அளவில் இருந்தால் போதும்: 'காய் நிமிர்ந்தது, 5.2 செ.மீ., நீள் மயிர் அடர்ந்தது, 7 விதை. விதைத்தழும்பு வெண்மை, நடுக்குழிவு, விளிம்பு எழும்பியது. ஆகவே விக்னா முங்கோ (உளுந்து).' எண்கள் உங்கள் கையிலுள்ள காயை அளந்து எடுத்தவையாக இருக்கட்டும்.