அப்பத்தாவின் பித்தக்குழாய்க் கல்

எங்கள் ஊர் மேலூர் பக்கம். அப்பத்தாவுக்கு 82 வயது. வயிறு வலிக்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. எப்போதோ போய்விட்ட தாத்தாவைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். வயசாகிவிட்டது என்றே நினைத்தோம். அப்புறம்தான் குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வரக்காப்பி நிறத்தில் சிறுநீர். பக்கத்து வீட்டு அத்தை கீழாநெல்லியை மோரில் கலக்கிக் கொண்டுவந்தார். பாசத்தில்தான். ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்து வந்த காமாலைக்கு அது வழியல்ல. அந்த ஒரு நாளை நாங்கள் இழந்திருக்கக் கூடாது.

மதுரையில் பித்தக்குழாயைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுக்க உடம்பில் உலோகமே இருக்கக் கூடாது என்றார்கள். அப்பத்தாவின் தண்டட்டி கல்யாணத்திலிருந்து கழற்றாதது. தேங்காய் எண்ணெய் விட்டு, காதைப் பிடித்தபடி சின்னம்மா மெல்லத் திருகித் திருகி எடுத்தார். அரை மணி நேரம் ஆனது.

டாக்டர் முதலில் கேட்டது, “என்னென்ன மாத்திரை போடுறாங்க?” என்பதைத்தான். யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். இதயத்துக்காகப் போடும் குளோபிடோக்ரல் அதில் இருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. “இப்ப கல்லை எடுக்கப் பித்தக்குழாய் வாயைக் கீறினா ரத்தக்கசிவு வரலாம். ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் மட்டும் உள்ளே வச்சுத் தேங்கின பித்தத்தை இறக்கிவிடுவோம், கல்லை அப்புறம் எடுப்போம்” என்றார். வயிற்றில் கத்தி படவில்லை. வாய் வழியாகச் சிறுகுடல் வரை கேமராக் குழாய் விட்டுச் செய்வது, இ.ஆர்.சி.பி. பழுப்பு நிறத்தில் சீழும் பித்தமும் வடிந்ததாம். மறுநாள் காலை அப்பத்தா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

தேறியதும் வீட்டில் பேச்சு மாறியது. “நல்லாத்தானே இருக்காங்க, சித்திரைத் திருவிழா முடியட்டும்” என்றார் சித்தப்பா. நான் விடவில்லை. அந்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் நாளாக நாளாக அடைத்துக்கொள்ளும், மூன்று மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். மறந்துபோனால் பழைய காய்ச்சல்தான். இதய டாக்டரிடம் கேட்டுக் குளோபிடோக்ரலை ஒரு வாரம் நிறுத்தினோம்; ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பித்தக்குழாய் வாயைக் கீறி, பலூனால் இரண்டு கற்களைக் குடலுக்குள் இழுத்துவிட்டு, ஸ்டென்ட்டையும் எடுத்தார்கள். இதனால் கணையம் வீங்கிவிடாமலிருக்க ஆசனவாயில் ஒரு மாத்திரை வைத்தார்கள். அன்று இரவெல்லாம் வயிறு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பித்தப்பையில் இன்னும் கல் இருக்கிறது. அதை எடுக்க இதயம் தாங்குமா என்று அடுத்த வாரம் கேட்கப் போகிறோம். மாத்திரை அட்டைகள் இப்போது மஞ்சப்பையில், வாசல் ஆணியில் தொங்குகின்றன.