பனிக்காலத்து அடுப்படி: ஜனவரி, பிப்ரவரி குறிப்புகள்

ஜனவரி 6, திங்கள்

இன்று அமெரிக்காவில் தேசிய பீன்ஸ் நாள். நேற்று விப்டு கிரீம் நாள், சனிக்கிழமை ஸ்பகெட்டி நாள். ஜனவரியில் எந்தத் தேதியைத் தொட்டாலும் அதில் ஒரு தின்பண்டத்தின் பெயர் ஒட்டியிருக்கிறது. ‘தேசிய’ என்று பெயர்தான் பெரிதே தவிர, முக்கால்வாசிக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஜூலை ஐஸ்கிரீம் மாதம் மாதிரி, 1984இல் அதிபர் ரீகனே கையெழுத்துப் போட்டு அறிவித்தவை அபூர்வம். மற்றதெல்லாம் யாராவது ஒரு வியாபாரச் சங்கமோ, வேலையற்ற நல்ல மனிதரோ ஆரம்பித்துவைத்தது.

இருக்கட்டும். நாங்கள் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில் நாலு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கும் இந்த மாதத்தில், சமைக்க ஒரு சாக்குக் கிடைத்தால் நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ராத்திரியே ராஜ்மா ஊறப்போட்டிருந்தேன். இங்கே எல்லாரும் ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு ஆபீஸ் போய்விடுகிறார்கள். ராஜ்மாவுக்கு அது ஆகாது. பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வயிற்றைப் புரட்டிவிடும். அது அடங்க, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அது நடக்காது. நம் பிரஷர் குக்கருக்கு இந்தக் கவலையே இல்லை.

மரபியலின் தந்தை மெண்டல் இறந்ததும் ஒரு ஜனவரி 6தான், 1884இல். ஆனால் அவர் வளர்த்து ஆராய்ந்தது பட்டாணி. அவர் மரியாதைக்காகக் குழம்பில் ஒரு கைப்பிடி பட்டாணியும் விழுந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இந்த ஊர் நாட்காட்டிப்படி பாஸ்ட்ராமி (மசாலா தடவிப் புகைபோட்ட மாட்டிறைச்சி) சாண்ட்விச் நாளும்கூட. பாஸ்ட்ராமிக்காரர்கள் மன்னிக்கவும்.

சூரியன் தலைகாட்டவே 7.45 ஆகிவிடுகிறது. அதற்குள் மகளுக்கு ஸ்கூல் பஸ். அதனால் பானை இருட்டிலேயே பொங்கியது. ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லும்போது ஒருவர் புகை அலாரத்துக்கு அடியில் துண்டை வைத்துக்கொண்டு வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம்.

ஜனவரி 19, ஞாயிறு

பாப்கார்ன் நாள். இந்த விநோத நாட்கள் இவ்வளவு தூரம் பரவியதற்கு இந்த நாளும் ஒரு காரணம். பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில், மாண்டன் என்ற ஊர்க்காரர் மார்லோ ஆண்டர்சன். பாப்கார்ன் நாள் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், 2013இல் இப்படிப்பட்ட நாட்களுக்கென்றே ஒரு நாட்காட்டி தொடங்கிவிட்டார். டிவியில் காலையில் ‘இன்று இன்ன நாள்’ என்று சிரித்துக்கொண்டு சொல்வார்களே, பல நேரம் அவருடைய பட்டியல்தான்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். “ஏண்டி, சோளப்பொரிக்கு ஒரு பண்டிகையா?” என்றாள். “எண்ணெய் காய்ந்ததும் மஞ்சள்தூள் போடு, கருகவிடாதே” என்று அடுத்த வாக்கியத்திலேயே பண்டிகையில் சேர்ந்துகொண்டாள்.

அடி கனத்த சட்டியில் தேங்காயெண்ணெய். மூன்று மணிகளை மட்டும் முதலில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அவை வெடித்தால் எண்ணெய் தயார், மிச்சத்தைக் கொட்டலாம். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் முட்டி, 180 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓட்டைக் கிழிக்கிறது. பழைய பாக்கெட் பொரியாமல் சண்டித்தனம் செய்வது அந்த ஈரம் காய்ந்துபோனதால். மூடியைக் கொஞ்சம் திறந்தாற்போல் வையுங்கள். ஆவி உள்ளேயே நின்றால் பொரி சவசவத்துவிடும்.

கடைசியில் நெய்யில் பொரித்த கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், உப்பு. வெண்ணெய் வாசனை போட்ட மைக்ரோவேவ் பாக்கெட்டை இனி இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

பை நாள். மார்ச் 14 கணக்கு வாத்தியார்களுடைய ‘பை’ (3.14). இது தின்கிற பை, மாவுக்குள் பழம் வைத்துச் சுடுவது. கொலராடோவின் போல்டர் நகரத்து சார்லி பபாசியன் 1970களில் தன் பிறந்தநாளையே பை நாளாக அறிவித்துக்கொண்டார். வீட்டில் பியர் காய்ச்சும் கலையை அமெரிக்கா முழுக்கப் பரப்பியவரும் அவரே. கம்பெனிகள் கிளப்பிவிடும் நாட்களைவிட, இப்படி ஒரு ஆள் தனக்குப் பிடித்ததைப் பிடிவாதமாகக் கொண்டாடி ஊரையும் இழுத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

பை செய்யக் குளிர்காலம்தான் தோது. வெண்ணெய் உருகவே கூடாது. மைதா 2½ கப், வெண்ணெய் 2 ஸ்டிக் (1 கப்), ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயைத் துண்டுபோட்டு கராஜில் வைத்துவிட்டேன், கல்லாகிவிட்டது. விரல் நுனியால் மட்டும் உதிர்த்து, பட்டாணி அளவுத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஐஸ் தண்ணீர் ஸ்பூன் ஸ்பூனாக. சப்பாத்தி பிசையும் கை இங்கே தன் பழக்கத்தை மறக்க வேண்டும், பிசைந்தால் ரப்பர். ஓவன் சூட்டில் அந்த வெண்ணெய்த் துண்டுகளின் ஈரம் ஆவியாகி மாவைத் தூக்கிவிடுவதால்தான் ஏடு ஏடாக வருகிறது, நம் பேக்கரி பப்ஸ் மாதிரி.

உள்ளே ஹனிகிரிஸ்ப் ஆப்பிள். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ரகம், எங்கள் மாநிலத்துப் பெருமை. பட்டைக்குப் பதில் ஏலக்காயும் துளி சுக்கும்.

பிப்ரவரி 1, சனி

காலை உணவாக ஐஸ்கிரீம் தின்னும் நாள்! பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை. மகள் ஒரு வாரமாக நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1960களில் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் ஃப்ளாரன்ஸ் ராப்பபோர்ட் என்ற அம்மா, வெளியே பனி, உள்ளே குளிரைப் பற்றிப் புலம்பும் பிள்ளைகள் என்றிருந்த ஒரு காலையில் ஆரம்பித்துவைத்தது. எல்லா நாட்களிலும் இதுதான் எனக்கு உசத்தி. விற்க ஒன்றுமில்லை, பிள்ளைகள் வாயை மூட ஒரு வழி, அவ்வளவுதான்.

கடை ஐஸ்கிரீம் வேண்டாம் என்று முடிவு. ஜிப் பையில் பாலும் கிரீமும் சர்க்கரையும் ஏலக்காயும். அதைப் பெரிய பையில் வைத்து, சுற்றிலும் கொல்லைப்புறத்துப் பனி, இரண்டு கை கல்லுப்பு. உப்பு பட்டதும் பனி உருகுகிறது, உருகும்போது பாலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கையுறை போட்டுக்கொண்டு குலுக்க வேண்டும். கணவர் முறை வந்தபோது அவர் ‘ஹீட்டரைக் கூட்டு’ என்று ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டு சூப் நாள். இந்த மாநிலத்தில் சூப் என்றால் சிக்கனும் வைல்டு ரைஸும்தான். பேரில் ரைஸ் இருந்தாலும் அது அரிசியல்ல, ஏரியில் வளரும் ஒரு புல்லின் மணி. 1977 முதல் மாநில தானியம். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் இன்றும் படகில் போய் எடுக்கிறார்கள்: ஒருவர் கழி ஊன்றிப் படகு தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து இன்னொன்றால் மெல்லத் தட்டிப் படகுக்குள் உதிர்க்கிறார். வயலில் பயிரிட்ட கறுப்பு ரகம் வேக முக்கால் மணி நேரம் ஆகும், ஏரி ரகம் அதைவிடச் சீக்கிரம். மணி பிளந்து உள்ளே வெள்ளை சுருண்டுகொண்டால் பதம்.

வெங்காயம், கேரட், செலரி வதக்கி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால். தொண்டைக்கு இதம். மின்னசோட்டாக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்களா தெரியாது, பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன், காலி டப்பாதான் திரும்பி வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பீட்சா நாளும், அமெரிக்க ஃபுட்பால் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலும் ஒன்றாக வந்திருக்கின்றன. ஊரே பீட்சா ஆர்டர் செய்யும் நாளில் வீட்டில் செய்வதே புத்தி. வியாழக்கிழமையே மாவு பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று, ஈஸ்ட் கால் ஸ்பூன்தான். குளிரில் மெதுவாகப் புளிப்பதில் வரும் ருசி அவசர மாவில் வராது. ஓவனை 550 டிகிரி பாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் காயவிட்டேன், சமையலறை கதகதப்பானது உபரி லாபம்.

அடுத்து 13ஆம் தேதி டார்டெல்லினி என்ற பாஸ்தாவின் நாளாம். மாவை வட்டம் வட்டமாக வெட்டி, பூரணம் வைத்து, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஒட்ட வேண்டும். அன்று தயிர்சாதம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.