37 வயதில் ஐடிஐ வெல்டிங்: சேர்ந்ததும் முடித்ததும்

ஷூ கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் உட்கார்ந்து தைத்தவர்கள் இப்போதும் போன் போட்டு முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, நம்ம வயசுக்கெல்லாம் ஐடிஐல சேத்துப்பாங்களா?" சேர்த்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 14 முதல் 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

நான் வாலாஜா பக்கம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காட்டில் பெரிய பகுதிக்குத் தோலும் ஷூவும்தான் சோறு. பெண்களுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற வேலை எப்போதும் உண்டு, ஆனால் அதற்கு மேலே ஏற வழி கிடையாது. அதே ராணிப்பேட்டையில்தான் பெல் (BHEL) என்கிற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலையும் இருக்கிறது. அங்கே செய்வது பாய்லருக்கான துணைக்கருவிகள்: புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் ப்ரெசிபிடேட்டர், பெரிய ஃபேன்கள், ஏர் ப்ரீஹீட்டர். எல்லாமே தகடு வெட்டி, வளைத்து, பற்றவைக்கிற வேலை. சுற்றியிருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைப் பட்டறைகளிலும் 'வெல்டர் தேவை' போர்டு தொங்காத மாதம் இல்லை. பதினைந்து வருஷம் அந்த வழியாக வேலைக்குப் போய் வந்தவள் நான்.

முதலில் விசாரித்தது சமுதாயக் கல்லூரியைத்தான். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்காக 1990-களில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய ஏற்பாடு அது. வயதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள், அன்பாகப் பேசுவார்கள். எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததில் தையல், அழகுக்கலை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் படிப்பு இருந்தன. நல்ல படிப்புகள்தான், ஆனால் தையலை விட்டு வெளியே வர நினைத்தவளுக்கு மறுபடியும் தையல் வேண்டாம் என்று தோன்றியது. அதனால் வேலூர்ப் பக்கத்து அரசு ஐடிஐக்கு விண்ணப்பித்தேன்.

விண்ணப்பம் ஆன்லைன், கட்டணம் 50 ரூபாய். இ-சேவை மையத்துப் பையன், "இன்னாம்மா, பையனுக்கா பொண்ணுக்கா?" என்றான். எனக்குத்தான் என்றதும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சூப்பர்மா, ஆதார் குடுங்க" என்றான். சிக்கல் அங்கேதான். பள்ளிக்கூட டி.சி.யில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு இது இருக்கும். இப்படியே போட்டுவிடலாம் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதிவாகிற பெயர்தான் கடைசியில் சான்றிதழிலும் வரும், உதவித்தொகை வருகிற வங்கிக் கணக்கும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பள்ளிச் சான்றைக் காட்டி முதலில் ஆதாரைத் திருத்தி, பிறகு வங்கியில் திருத்தி, அதற்குப் பிறகே விண்ணப்பம் போட்டேன். அலைச்சல்தான், ஆனால் பின்னால் ஒரு தொல்லையும் இல்லை. டி.சி. தொலைந்திருந்தால் படித்த பள்ளியிலேயே கேளுங்கள். எங்கள் தலைமை ஆசிரியை பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டி, என் பெயர் மேல் விரலை வைத்து, "இதோ இருக்கிறியேம்மா" என்றார்.

கலந்தாய்வில் தரவரிசைப்படி கூப்பிட்டு, காலியாக இருக்கிற பிரிவுகளைக் காட்டுவார்கள். என் முறை வந்தபோது மேசையில் இருந்தவர், "வெல்டிங் கஷ்டம்மா, சூயிங் (தையல்) டெக்னாலஜி எடுத்துக்குங்க, லேடீஸுக்கு நல்லது" என்றார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் முடிவோடு போகாத பெண் அந்த ஒரு வார்த்தையிலேயே திரும்பிவிடுவாள். எந்தப் பிரிவு வேண்டும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுப் போங்கள். கலந்தாய்வில் கிடைக்காவிட்டாலும், மீதி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை என்று அறிவிப்பு வரும். அதையும் விடாமல் பாருங்கள்.

இனி ஒர்க்‌ஷாப். ஆரம்பத்தில் பற்றவைக்கவே விடமாட்டார்கள். ஹேக்ஸா, அரம், மார்க்கிங், பாதுகாப்பு. அதற்குப் பிறகு 10 எம்எம் தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே பீடு, அதாவது உருகிய உலோகத்தை ஒரே வரியாக ஓட்டச் சொல்வார்கள். 3.15 எம்எம் வெல்டிங் ராடு. முதலில் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது. "இழுக்காதம்மா, பக்கவாட்டுல ஆட்டி எடு" என்றார் சார். அடுத்தது நுனியைத் தூரமாகப் பிடித்தேன், எங்கும் பொறியாகத் தெறித்தது. ராடு எவ்வளவு தடிமனோ கிட்டத்தட்ட அவ்வளவு இடைவெளிதான் இருக்க வேண்டும், அதுவும் ராடு கரைந்து குறையக் குறையக் கை தானாக இறங்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் முதலில் எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. "வெளிச்சத்த பாக்காத, அதுக்குப் பின்னால உருகி நிக்குது பார், அத பாரு" என்று தோளைத் தட்டிச் சொன்னார். அந்தச் சொல்லில்தான் எனக்குப் பிடிபட்டது. அப்பர் தைக்கும்போதும் ஊசியைப் பார்க்க மாட்டோம், தோலின் ஓரத்தைத்தான் பார்ப்போம், கை ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். அதே கைதான் இங்கேயும் வேலை செய்தது. ஆறியதும் சிப்பிங் சுத்தியலால் மேலே படிந்த ஸ்லாக் என்கிற கசடைத் தட்டி, வயர் பிரஷ் போட்டுப் பார்த்தால், கோடு நெடுக ஒரே அகலத்தில் அலை அலையாக வந்திருந்தது. சார் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். அந்தத் தகட்டை வீட்டில் வைத்திருக்கிறேன்.

முழுக்கை காட்டன் சட்டை போடுங்கள். நைலான் துப்பட்டா ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் ஒருவர் பற்றவைக்கும்போது வெறும் கண்ணால் பார்த்துவிட்டால், அன்று ராத்திரி கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு எரிச்சல் இருக்கும்.

சேர்வது பெரிய காரியம் இல்லை, நிலைத்து நிற்பதுதான் காரியம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் பேட்சில் சேர்ந்த பையன்கள் எல்லாரும் முடிக்கவில்லை. படிப்பு வராமல் போனவன் ஒருவனும் இல்லை. காலையில் சாப்பிடாமல் வருவான், மதியத்துக்குள் தலை சுற்றும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. எனக்கு அந்த 1000 கிடைக்கவில்லை. எந்த உதவியானாலும் கணக்கு ஆதாரோடு இணையாவிட்டால் பணம் வராது, வராத மாதத்தில் கட்டட வேலைக்குக் கூப்பிடுகிற ஆள் வாசலிலேயே நிற்பார். வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. இப்படித்தான் ஒவ்வொருவனாகக் கழன்றுகொண்டான். பயிற்றுநர் ஒருவர் சொந்த போனிலிருந்து வீட்டுக்கு வீடு பேசி சிலரைத் திரும்ப வரவைத்தார். அது அவருடைய வேலையில் சேர்ந்தது இல்லை. அதை ஒரு வேலையாக்கி, அதற்கென்று ஓர் ஆளைப் போட வேண்டும்.

இலவச பஸ் பாஸ், சைக்கிள், பாடப்புத்தகம், சீருடை, ஷூ எல்லாம் தருகிறார்கள். பாஸ் எனக்குப் பெரிய உதவி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில்தான் கட்டணமில்லை, வாலாஜாவிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவேண்டும்.

இப்போது ஐடிஐகள் வேகமாக வளர்கின்றன. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் 2,877.43 கோடி ரூபாயில் 4.0 தொழில்நுட்ப மையங்கள் என்று அரசு அறிவித்தது. ரோபோட்டிக்ஸ், சிஎன்சி, எலெக்ட்ரிக் வண்டி மெக்கானிக் எல்லாம் வந்திருக்கின்றன. அந்த மெஷின்களைப் பார்த்தால் எனக்கே திரும்பச் சேர ஆசை வருகிறது. மாணவர்களிடம் யோசனை கேட்ட கூட்டத்தில் நானும் எழுந்து பேசினேன். வெல்டிங் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே பெண்களுக்குக் கழிவறையும் உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும் என்றேன். ஆளுக்கு ராடு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், கை பழகுவது ராடு எரித்தால்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு வேண்டும். கைக்குழந்தை இருக்கிறவளுக்கு அதை விட்டுவைக்க ஓர் இடம் வேண்டும், எங்கள் லைனிலேயே அதற்காகச் சேராமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டார்கள். கழிவறை வேலை தொடங்கிவிட்டதாக இப்போது படிக்கிற பெண் ஒருத்தி சொன்னாள். மற்றதையும் விடாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அகில இந்தியத் தொழிற்தேர்வில் எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். மவுஸ் பிடித்துப் பழகாதவர்கள் முன்கூட்டியே லேபில் உட்காருங்கள். செய்முறைத் தேர்வு எனக்குப் பயமே இல்லை. தேர்ச்சி ஆனதும் அப்ரெண்டிஸ் தளத்தில் பதிவு செய்தேன், சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்து அங்கேயே இருக்கிறேன். இப்போது CO2 வெல்டிங்கில் நிற்கிறேன், அடுத்தது டிக் (TIG) என்கிற இன்னொரு வகை வெல்டிங்.

பத்தாவது பாஸ் செய்தவர்கள் முடிந்தால் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் மாதிரி இரண்டாண்டுப் பிரிவைப் பாருங்கள். அதிலிருந்து பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது. விண்ணப்பம் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பே டி.சி., சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று எடுத்து வைத்துப் பாருங்கள்.