விழுங்குவதையும் கணக்கில் சேருங்கள்

மார்ச் 3

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 1991இல் வெளியான குரல்வளைப் புற்றுநோய் ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். நோய் முற்றிய 332 பேர். ஒரு பிரிவுக்கு குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. இன்னொரு பிரிவுக்கு முதலில் கீமோ, அதில் கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு. இரண்டு ஆண்டு கழித்து இரு பிரிவிலும் 68 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ பிரிவில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது.

பெரிய விஷயம்தான். 1873இல் வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ராத் முதன்முதலாகப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை அகற்றியதிலிருந்து, முற்றிய நோய்க்குப் பெரும்பாலும் கத்திதான் வழி என்றிருந்தது. ஆனாலும் என்னைப் போன்ற பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளருக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடுகிறது: தப்பிய குரல்வளை பேசவும் விழுங்கவும் வேலை செய்ததா? எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்களில் அதற்குப் பதில் இல்லை. பின்னால் வந்த கட்டுரைகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 5

2009இல் நிபுணர் குழு ஒன்று இதைச் சரிசெய்யப் பார்த்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கழுத்தில் மூச்சுத் துளையோ, உணவு செலுத்தும் டியூபோ தேவைப்பட்டால், அந்தக் குரல்வளையைக் காப்பாற்றியதாகக் கணக்கில் எழுதக் கூடாது என்றது. எனக்கு முழுச் சம்மதம்.

மார்ச் 9

இன்று காலை இரண்டு பேர். முதலாமவருக்குக் குரல்வளையே இல்லை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்திய சிறு வால்வு வழியாகப் பேசுகிறார். சிங்கரும் புளோமும் 1980இல் வெளியிட்ட முறை அது. கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியே மேலே போய்த் தொண்டைச் சுவரை அதிரவைக்கிறது, பேச்சு வருகிறது. கரகரப்புதான், ஆனால் போனில் வாதாடும் அளவுக்குத் தெளிவு. மூச்சுப் பாதை தனியாகப் பிரிந்துவிட்டதால், வால்வு ஒழுகாத வரை அவருக்குப் புரையேறும் பயமும் இல்லை.

இரண்டாமவருக்குக் குரல்வளை இருக்கிறது, நோயும் போய்விட்டது. "எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க, நல்லாத்தான் குடிக்கிறேன்" என்றார். பேரியம் கலந்த திரவத்தைக் கொடுத்து எக்ஸ்ரே திரையில் பார்த்தோம். ஒவ்வொரு மடக்கிலும் கொஞ்சம் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. இருமலே வரவில்லை. கதிர்வீச்சு அங்கே உணர்ச்சியை மழுங்கடித்திருக்கிறது. விழுங்குவது மூச்சுப் பாதையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க 1996இல் ரோசன்பெக் குழு உருவாக்கிய அளவுகோலில் இது 8, அதாவது கடைசிப் படி. நிமோனியா இப்படித்தான் வந்து சேரும்.

அவருடைய கோப்பில் இருந்த ஒரே வரி: குரல்வளை பாதுகாக்கப்பட்டது.

மார்ச் 10

நேற்றைய நினைப்பே இன்றும். நோயாளியைக் கேட்டு நிரப்பும் படிவம் ஒன்று நாங்கள் அதிகம் பயன்படுத்துவது. 2001இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது, 20 கேள்விகள். விழுங்கும் சிக்கலால் வெளியே போகாமல் இருக்கிறீர்களா என்று கேட்கும். எக்ஸ்ரே இதைச் சொல்லாது. அதே மாதிரி, சத்தமில்லாத புரையேற்றத்தைப் படிவம் சொல்லாது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து நடத்தும் ஆய்வை நான் இனி அரை ஆய்வு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

மார்ச் 16

டார்ஸ் ஆய்வைப் பற்றி வாசிப்புக் குழுவில் பேசினோம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தொண்டைப் புற்றுநோயாளிகள் 112 பேர், 2023இல் வெளியானது. தொண்டையைச் சுருக்கி உணவைக் கீழே தள்ளும் தசைகளுக்குப் போகும் சராசரிக் கதிர்வீச்சை 50 கிரேக்குள் (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) நிறுத்தப் பார்த்தார்கள். ஓராண்டில் அதே 20 கேள்விப் படிவத்தின் மதிப்பெண் (கூடினால் நல்லது) இந்தப் பிரிவில் 77.7, வழக்கமான முறையில் 70.6.

நோயாளிக்கே வித்தியாசம் தெரிய ஏறக்குறைய 10 புள்ளி வேண்டும் என்று வேறொரு ஆய்வு சொல்கிறதே, இது ஏழுதானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் மருந்து கூடவில்லை, அறுவை இல்லை, கதிரின் திட்டத்தை மட்டும் மாற்றிக் கிடைத்த ஏழு இது. தவிர, யாருக்கு எந்த முறை என்று நோயாளிகளுக்குத் தெரியாமல் நடத்தியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருகிறது.

மார்ச் 22

விழுங்கும் பயிற்சி பற்றிச் சுருக்கமாக. 2013இல் வெளியான ஆய்வில், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 497 பேரின் பழைய பதிவுகளைப் பார்த்ததில், சிகிச்சை நடக்கும்போதே வாயால் சாப்பிட்டும் பயிற்சி செய்தும் வந்தவர்கள் பிறகு நன்றாகச் சாப்பிட்டார்கள். வலி குறைந்தவர்களால்தான் அதெல்லாம் செய்ய முடிந்தது என்றும் வாதிடலாம். இருந்தாலும் நான் பயிற்சி சொல்லிக் கொடுப்பதை நிறுத்தப் போவதில்லை. சும்மா கிடக்கும் தசை மெலிந்துபோகும் என்பதில் சந்தேகமில்லை.

மார்ச் 29

சிகிச்சை முடிந்து பல ஆண்டு கழித்து ஒருவர் வந்தார். நாக்கின் ஒரு பக்கம் சூம்பியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. புற்று திரும்பிவிட்டதென்று பயந்துபோயிருந்தார். ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. கதிர்வீச்சால் இறுகிய திசுவுக்குள் நாக்கை அசைக்கும் நரம்பு மெல்ல மெல்லச் செயலிழந்திருக்கிறது. இவ்வளவு தாமதமாகவும் இது வரும். ஓராண்டு, இரண்டாண்டு என்று முடிந்துவிடும் ஆய்வுகளின் கண்ணில் இவர் படவே மாட்டார்.

ஐந்தாண்டு தாண்டியவர்களுக்கும் அந்தப் படிவத்தையும் தண்ணீர் குடிக்கும் சோதனையையும் ஆண்டுக்கு ஒரு முறை வைக்கலாம் என்று எங்கள் சிகிச்சைக் குழுவுக்கு எழுதினேன். ஆள் போதாது என்றார்கள். முதலில் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு மட்டும், அதையும் நானே செய்கிறேன் என்றேன். சரி, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பட்டியலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.