தலைக்கு மேலே பறப்பது எப்போது பெட்டிக்குள் வரும்?

தை மாதம் வந்தால் எனக்கு இரண்டு எதிர்பார்ப்பு. ஒன்று பொங்கல். இன்னொன்று, பிளாஸ்டிக் விமான மாடல் செய்யும் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி இந்த வருஷம் எந்த விமானத்துக்குப் புது அச்சு போடப்போகிறது என்பது. இங்கிலாந்துக்காரர்களான அவர்கள் வருஷப் பட்டியலை ஜனவரியில்தான் வெளியிடுவார்கள். அந்தப் பேச்சு ஓய்வதற்குள் ஜெர்மனியில் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி வந்துவிடும். மே மாதம் ஜப்பானில் ஷிசுவோகா. அந்த ஊர் மாடல் கம்பெனியான டாமியாக்காரர்கள் புது மாடலைத் துணியை விலக்கிக் காட்டும் இடம் அது. நவம்பரில் மறுபடியும் இங்கிலாந்து, டெல்ஃபோர்டு. ஒரு இடத்தில் ஏமாந்தால் ஆசையை அடுத்த இடத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். தெருவுக்குத் தெரு லாட்டரிச் சீட்டு விற்கும் ஊரில் வாழ்கிறவனுக்கு இதெல்லாம் பழகிய மனநிலைதான்.

நான் கொழிஞ்சாம்பாறையில் போர்டு எழுதும் பெயிண்டர். பாலக்காடு ஜில்லா, கேரளாதான். ஆனால் வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று எந்தப் பக்கம் போனாலும் தமிழ் கேட்கும். கடைக்காரர் பெயர்ப்பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொல்வார். ஃப்ளெக்ஸ் வந்து பாதித் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. மிச்சம் இருப்பது பள்ளிக்கூடச் சுவர், லாரியின் பின்பலகை, தேர்தல் சுவர். எல்லாக் கட்சிக்கும் நான்தான் எழுதுகிறேன், அதனால் என் கட்சி எது என்று ஒருவரும் கேட்பதில்லை. தேர்தல் வருஷத்தில் அலமாரியில் நல்ல பெட்டி ஒன்றிரண்டு கூடும்.

பெட்டி என்றால் பிளாஸ்டிக் விமான கிட். இதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சட்டத்தோடு ஒட்டியபடி வரும் சின்னச் சின்ன பாகங்களை வெட்டியெடுத்து, ராவி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, தண்ணீரில் ஊறவைத்த டெக்காலை (எண்ணும் சின்னமும் அச்சடித்த மெல்லிய ஒட்டுத்தாள்) ஒட்டி முடிப்பது. 1/72 என்றால் நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, 1/48 அதைவிடப் பெரியது. என் வீட்டில் இதற்கு 'அந்தப் பொம்மை வேலை' என்று பெயர். சரி, பொம்மைதான், நான் சண்டைக்குப் போவதில்லை.

எங்கள் வானம் சும்மா வானம் இல்லை. கிழக்கே கோயம்புத்தூரைத் தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். 2018ல் 45வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) தேஜஸ் போர் விமானத்தோடு அங்கே வந்தது. 2020 மே மாதம் 18வது ஸ்குவாட்ரனும் தேஜஸோடு அதே தளத்தில் மறுபடி உயிர்பெற்றது. சாரங் ஹெலிகாப்டர் குழுவுக்கும் சூலூர்தான் வீடு. மேகம் இல்லாத நாளில் சாரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் சத்தம் முதலில் வரும், தலையைத் தூக்குவதற்குள் முக்கோண இறக்கை போய்விட்டிருக்கும். கையில் பிரஷ் இருக்கும்போது தலையைத் தூக்கக்கூடாது என்பது தொழில் பாடம். தேஜஸுக்கு மட்டும் விதிவிலக்கு.

2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து விமானங்களெல்லாம் சூலூரில் வந்து இறங்கின. அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் என் அலமாரி முன்னால் வந்து நின்றான்.

"மாமா, நேத்து வந்த ஜெர்மன் ப்ளேன் உங்ககிட்ட இருக்குதா?"

இருந்தது. ரெவெல் கம்பெனி யூரோஃபைட்டரை 1/144ல் ஆரம்பித்து 1/32 வரைக்கும் எல்லா அளவிலும் போட்டிருக்கிறது. எடுத்துக் காட்டினேன்.

"அப்ப நம்ம தேஜஸ்?"

அவனுக்குக் காட்ட என்னிடம் ஒரு மேசை பொம்மைதான் இருந்தது. அலுவலகத்தில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைக்கிற ரகம், ஒட்டவும் வேண்டாம், பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். விருந்தாளியாக ஒரு வாரம் வந்து போனதைத் தேடாமலே வாங்க முடிகிறது. நம்மோடு குடியிருப்பது என் அலமாரிக்கு இன்னும் வரவில்லை. இந்தக் குறைதான் என் வருஷாந்திர ஜனவரி.

கம்பெனிக்காரர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. எஃகில் அச்சு வெட்டுவது பெரிய முதலீடு. ஒரே அச்சில் வார்த்த பாகத்தை எத்தனை நாட்டு டெக்காலோடு விற்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஸ்பிட்ஃபயர் எத்தனை நாட்டில் பறந்தது! அதனால்தான் ஸ்பிட்ஃபயர் வந்துகொண்டே இருக்கிறது, நின்றபாடில்லை. மிக்-21ம் அப்படித்தான். பல கண்டங்களில் பறந்ததால் செக் நாட்டு எடுவார்ட் 2011ல் 1/48ல் அருமையான அச்சு போட்டது, அந்த வரிசை வளர்ந்துகொண்டே போனது. நம் விமானப்படை 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்தபோது நான் கடைசி மரியாதையாக ஒன்றைக் கட்டத் தொடங்கினேன். கிட்டுக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை.

நம் மாருத் போர் விமானத்துக்கு அந்த யோகம் இல்லை. குர்ட் டாங்க் என்ற ஜெர்மன் வடிவமைப்பாளர் பெங்களூரில் உட்கார்ந்து உருவாக்கியது. 1961 ஜூனில் முதலில் பறந்தது, மொத்தம் 147 செய்தார்கள். படையில் வைத்துப் பறத்திய ஒரே நாடு நாம். ஒரு நாடு, ஒரு வண்ணத் திட்டம், ஒரு பெட்டி. கணக்குப் பிள்ளை வேண்டாம் என்றுதான் சொல்வார். விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் பெங்களூர் அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தின் சக்கர அறையைக் குனிந்து குனிந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன், என்றைக்காவது உதவும் என்று.

ஆனால் என் நிஜமான ஆசை நேட் என்ற பழைய போர் விமானம். ஒற்றை இருக்கை நேட், 1/48ல்.

அதற்குக் காரணம் 18வது ஸ்குவாட்ரன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்க வந்தபோது நேட்டில் கிளம்பிப்போன நிர்மல் ஜித் சிங் சேகோன் இந்த ஸ்குவாட்ரன்காரர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அதே ஸ்குவாட்ரன்தான் 2020ல் தேஜஸோடு சூலூரில் மறுபடி உயிர்பெற்றது. இரண்டுமே அவரவர் காலத்தில் சின்ன விமானம் என்று பெயர் வாங்கியவை. நேட் எட்டே முக்கால் மீட்டர் நீளம், தேஜஸ் பதின்மூன்று மீட்டர் சொச்சம். 1/48ல் கட்டினால் ஒன்று பதினெட்டு சென்டிமீட்டர், மற்றது இருபத்தேழரை. ஒரே பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

1/48ல் நேட்டே கிடையாதா என்று கேட்டால், ஏர்ஃபிக்ஸ் போட்டிருக்கிறது. ஆனால் அது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், டி.1. இங்கிலாந்து விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு சிவப்பாகப் பறத்தியது. முன் இருக்கையை வைத்துக்கொண்டு பின்னதை அடைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கக்கூடாது. பயிற்சி விமானத்துக்கு இறக்கையே பெரியது, உடம்பு நீளம், வாலும் வேறு. அதை வெட்டி நம்முடையதாக்குவதற்குப் பதில் மரத்துண்டிலிருந்து செதுக்கிவிடலாம். 1/72ல் செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி ஒற்றை இருக்கை நேட்டையும், அதிலிருந்து எச்.ஏ.எல். வளர்த்தெடுத்த அஜீத்தையும் தந்திருக்கிறது. சின்னக் கம்பெனிக்கு இருந்த மனசு பெரிய கம்பெனிக்கு இல்லை. அஜீத் பெட்டி ஷார்ஜாவிலிருந்து வந்தது. எதிர்வீட்டு அண்ணன் மகன் லீவில் வரும்போது கொண்டுவந்தான். எடை ஒன்றும் இல்லை, இடம்தான் அடைக்கிறது, அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வரவா என்று ஃபோனில் கேட்டான். அட்டைமேல் இருக்கும் ஓவியத்துக்காகவே பாதிப் பேர் வாங்குகிறோம் என்று அவனுக்குப் புரியவைக்க நேரமாயிற்று. அவன் அம்மாவுக்கு இன்னமும் வருத்தம், அந்த இடத்தில் இன்னும் நாலு பால்பவுடர் டின் வந்திருக்கும்.

கூரியரில் வரவழைத்தால் வேறு கதை. கிட் விலை, கப்பல் கூலி, அதன்மேல் சுங்க வரி. ஒருமுறை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு அமுக்கி மூடியதில் விமானி அறைக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல.

இனி டெக்கால். புது அச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, இதையாவது சரியாகச் செய்யுங்கள் என்பது என் இரண்டாவது கோரிக்கை. நம் விமானப்படை வட்டம் எல்லோருக்கும் தெரியும்: வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. மூன்றே நிறம். இதில் காவியைச் சரியாக அச்சடித்த தாளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் தக்காளிச் சிவப்பு, இன்னொன்றில் வெளிறிய மஞ்சள். அதிலும் மை மெல்லிசாக இருந்தால், அடியில் இருக்கும் கரும்பச்சை கேமஃப்ளாஜ் காவிக்குள் தெரிந்து, வட்டம் அழுக்கேறிய மாதிரி ஆகிவிடும். காவிக்கு அடியில் ஒரு படலம் வெள்ளை அச்சடித்தால் தீர்ந்தது. சுவரில் எழுதுகிற நாங்களே கறுப்புச் சுவரில் நேராக மஞ்சளை வைக்கமாட்டோம், முதலில் வெள்ளைதான்.

அதனால் நான் டெக்காலை ஒதுக்கிவிட்டுக் கையால் எழுதுகிறேன். 1/72ல் வட்டம் ஆறேழு மில்லிமீட்டர்தான் வரும். மாஸ்கிங் டேப்பை வட்டம் வெட்டும் கருவியால் வெட்டி ஒட்டி, முதலில் முழு வட்டமும் வெள்ளை. ஒரு ராத்திரி காயவிட்டு நடுவில் பச்சை. கடைசியில்தான் வெளி வளையம். காவிக்கு ஆரஞ்சில் மஞ்சள் ஒரு சொட்டு, வெள்ளை அதிலும் பாதி. நிஜ விமானத்தில் இருக்கும் நிறத்தை அப்படியே வைத்தால் சின்ன மாடலில் கனத்துத் தெரியும், கொஞ்சம் வெளுப்பாக இருந்தால்தான் தூரத்தில் நிற்பதாகக் கண் நம்பும். மணிக்கட்டுக்கு அடியில் குச்சி அணைகொடுத்து, பிரஷ் நுனியில் பெயிண்ட் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு வைத்து, மாடலைத்தான் சுற்ற வேண்டும், கையைச் சுற்றக்கூடாது. டேப்பை உரிக்கும்போது மூச்சு விடாமல் இருப்பேன். ஓரம் சுத்தமாக வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடவே இறங்கும்.

பெயிண்ட் அடிப்பதற்கு எங்கள் ஊர்க் காற்றும் மனசு வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்து ஈரத்தோடு வீசும், ஏர்பிரஷ்ஷில் அடித்த லாக்கர் பெயிண்ட் வெளிறிப் பூத்துவிடும். மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்டு வீசும். பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து, தடவினால் சொரசொரவென்று இருக்கும். ஆகவே எந்தக் கம்பெனியும் அவசரப்பட வேண்டாம், பங்குனியில் அனுப்பினாலும் போதும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே, நீங்களே தேஜஸை அச்சடித்துக்கொள்ளலாமே என்று கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் சொல்கிறார். சக்கரம், இருக்கை, ஏவுகணைக்கு அது நல்லதுதான், நானும் வாங்கிப் போட்டிருக்கிறேன். முழு விமானம் என்றால் அடுக்கடுக்காக வரும் கோட்டை ராவித் தீர்ப்பதிலேயே ஆயுசு போகும். அப்புறம் பெட்டியைத் திறந்ததும் வரும் பிளாஸ்டிக் வாசனைக்கு எங்கே போவது? இதை அவர் வாதமாகவே ஏற்கவில்லை.

தேஜஸுக்கும் நேட்டுக்கும் கம்பெனிக்காரர்கள் மனசு வைக்கும்வரை, நானாகவே முடிக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. சீ ஹாக் என்ற பழைய கடற்படைப் போர் விமானம். கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா கோவாவில்தான் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1961ல் அது தொடங்கியது சூலூரில். 1964ல்தான் கோவா போனது. இறக்கையை மேலே மடித்துவைத்து நின்ற விமானங்களைச் சூலூர்ப் பக்கம் வேலி ஓரமாக நின்று பார்த்ததாக என் பெரியப்பா சொல்வார். சீனாவின் ட்ரம்பெட்டர் 1/48ல் சீ ஹாக் போட்டிருக்கிறது, பெட்டி என்னிடம் தயாராக இருக்கிறது. மேலே கருஞ்சாம்பல், கீழே வெளிர்பச்சை கலந்த நிறம், வட்டம் என் கைவேலை. எந்த இடத்தில் எண் எழுதியிருந்தார்கள், எழுத்து எவ்வளவு உயரம், கட்டை எழுத்தா மெல்லிசா என்பதுதான் இடிக்கிறது. போர்டு எழுதுகிறவன் எழுத்தில் ஊகம் செய்ய முடியாது.

சூலூர், பீளமேடு, இருகூர் பக்கம் அந்த நாளில் கடற்படையில் வேலை பார்த்த தாத்தாக்கள் யார் வீட்டிலாவது இருந்தால், பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். குரூப் போட்டோவாக இருந்தாலும் சரி, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் சரி. ஆட்களுக்குப் பின்னால் விமானத்தின் பக்கவாட்டு தெரிந்தால் போதும். ஃபோனில் படம் எடுத்து அனுப்பும்போது ஃப்ளாஷ் மட்டும் போடவேண்டாம், எழுத்து இருக்கும் இடத்தில்தான் சரியாக வெள்ளை அடித்துத் தொலைக்கும்.