சூடான பால்

அன்று நான் சொன்னது "சூடான பால்" என்றா, "இளஞ்சூடான பால்" என்றா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோழி வெட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் குசினியில் என்னிடம் வேலை பழகிய பிள்ளை முதுகுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டாள், நானும் திரும்பாமல்தான் பதில் சொன்னேன். "இளம்" என்ற அந்த முன்பாதி வாயிலிருந்து வெளியே வந்ததா, மனதுக்குள்ளேயே நின்றுவிட்டதா என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். சில நாள் வந்தது என்று நினைக்கிறேன். சில நாள் இல்லை.

டின்னர் ரோலுக்கு ஈஸ்ட் போட்டுக் குழைத்த மாவின் மேலிருந்த துணியை நீக்கிப் பார்த்தபோது ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் கடந்திருந்தது. மா வைத்தது வைத்தபடி கிடந்தது. வைகாசி மாதம், எங்கள் குசினி அந்த நேரத்தில் 33 பாகைக்குக் குறையாது. அந்தச் சூட்டில் நல்ல மா 40 நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடும். குளிர் நாட்டுக்காரரின் செய்முறையில் ஒன்றரை மணித்தியாலம் என்று போட்டிருப்பதை நம்பி இங்கே விட்டுவைத்தால் புளித்துச் சரிந்துபோகும். இதுவோ அசையவே இல்லை. விரலால் அழுத்தினேன். பொங்கிய மாவிலும் குழி உடனே திரும்பாதுதான், ஆனாலும் உள்ளே காற்று இருப்பது விரலுக்குத் தெரியும். இது களிமண்.

"பாலை எவ்வளவு சூட்டிலை விட்டனீ?"

"நீங்கள் சூடான பால் எண்டுதானே அக்கா சொன்னனீங்கள்."

"சூடு எண்டால் கொதிக்கக் கொதிக்கவோ? யோசிக்க மாட்டியோ? மூண்டு கிலோ மா, பிள்ளை. மூண்டு கிலோ!"

"சரி அக்கா."

நடந்தது இவ்வளவுதான். அவள் அழவில்லை, எதிர்த்துக் கதைக்கவும் இல்லை. பாத்திரம் கழுவும் தம்பி நின்றான், கோழி கொண்டுவந்த அண்ணை காசுக்காக நின்றார், விருந்துக்குச் சொல்லியிருந்த வீட்டு மருமகளும் எட்டிப் பார்க்க வந்து வாசலில் நின்றா. என் குரல் உயர்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்த மருமகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிழை என்னுடையதல்ல என்று அவவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

விருந்துக்குச் சொன்னவர்கள் கனடாவில் இருந்து வந்திருந்த குடும்பம். இரவுச் சாப்பாட்டுக்கு 60 பேர், ஆளுக்கு இரண்டு டின்னர் ரோல். கடையில் வாங்கியது வேண்டாம், வீட்டிலேயே மா குழைத்துப் போட்டதாக, பஞ்சு மாதிரி இருக்கவேண்டும் என்றார்கள். இங்கே "றோல்ஸ்" என்றால் யாருக்கும் நினைவு வருவது பாண் தூள் பிரட்டிப் பொரித்த மட்டன் றோல்ஸ்தான். அதனால் எங்கள் குசினிக்குள் இதற்குச் "சாப்பாட்டுப் பணிஸ்" என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். 3 கிலோ கோதுமை மா, 1.7 லீற்றர் பால், 6 முட்டை, சீனியும் பட்டரும் 360 கிராம் வீதம், உப்பு 50, ஈஸ்ட் 42. உருண்டை ஒன்று 45 கிராம் என்று பிடித்தால் 120-க்கு மேல் வரும்.

செய்வதற்குக் கடினமான பண்டம் இல்லை. ஆனால் மென்மை என்பது ஓவனுக்குள் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம். மாவைக் கையில் ஒட்டும் பதத்தில் விடவேண்டும். ஒட்டுகிறதே என்று பயந்து மேலும் மேலும் மா தூவுகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது பாண். பிசைந்து முடிந்ததும் ஒரு துண்டைக் கிள்ளி இரு கையாலும் மெல்ல இழுத்து யன்னல் பக்கம் பிடித்தால், வெளியே நிற்கும் முருங்கை மரம் மங்கலாகத் தெரியவேண்டும். அதற்கு முதல் கிழிந்தால் இன்னும் பிசையவேண்டும். உருண்டைகளைத் தட்டில் நெருக்கி அடுக்கினால்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மேல்நோக்கி எழும்பும், பக்கங்களும் தோல் பிடிக்காது. 190 பாகையில் 16, 17 நிமிடம். எடுத்த சூட்டோடு பட்டர் பூசி, துணியால் மூடிவிட்டால் ஆவி உள்ளேயே நின்று மேல்தோலையும் இளக்கிவிடும். இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு நான் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தவைதான். முருங்கை மரம் பார்ப்பது அவளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன், பாலின் சூட்டை மட்டும் சொல்லால் சொல்லிவிட்டிருக்கிறேன்.

ஈஸ்ட் உயிருள்ள சாமான். 35, 40 பாகையில் சந்தோஷமாக வேலை செய்யும், 55 தாண்டினால் சாகத் தொடங்கும், 60-இல் மிச்சமில்லை. கைக்கு இதமாக இருக்கும் பாலுக்கும் கை பொறுக்காத பாலுக்கும் இடையில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டியிலிருந்து ஆவி போனதை நானும் கண்டேன். கண்டதாகத்தான் நினைவு. ஆனால் அதே அடுப்பில் பக்கத்தில் கோழிக்கு மசாலா வதங்கிக்கொண்டிருந்தது, அந்த ஆவியாகவும் இருக்கலாம்.

சரி, அன்று விருந்து கெட்டுப்போகவில்லை. தம்பியைச் சைக்கிளில் அனுப்பிப் புது ஈஸ்ட் பைக்கற் எடுப்பித்தேன். பேணியில் மிச்சம் இருந்தது 20 கிராம் அளவுதான், போதாது. இரண்டாந்தரம் பாலை நானே எடுத்து மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கமுதல் பார்ப்போமே, அப்படி. 40 நிமிடத்தில் மா துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். "பாத்தியோ?" என்று நான் அவளைக் கேட்டதாக ஞாபகம். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பத்து நாள் கழித்து, பேணியில் கிடந்த அந்த 20 கிராம் வீணாகிறதே என்று கொஞ்சம் எடுத்து வெந்நீரிலும் சீனியிலும் கரைத்து வைத்தேன். கை பொறுக்கும் வெந்நீர், மணிக்கட்டில் விட்டுப் பார்த்த வெந்நீர். பத்து நிமிடத்தில் நுரை தொப்பி மாதிரி எழும்பியிருக்கவேண்டும். கால் மணித்தியாலம் காத்திருந்தேன். மண்ணிறத் தண்ணீர், ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி.

பேணி என்றது பழைய நெஸ்டமோல்ட் பேணி. பெரிய பைக்கற்றை உடைத்து அதற்குள் கொட்டி வைத்திருந்தேன். உடைத்த ஈஸ்டைக் காற்றுப் புகாமல் மூடி ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜுக்குள் மீனும் இறைச்சியும் நிறைந்திருந்ததால், பேணியை ஓவனுக்கு மேலுள்ள தட்டில் வைத்தேன். வைத்தது நான். மாதக்கணக்கில் அங்கேதான் இருந்தது.

அப்படியானால் அவள் ஊற்றிய பால் கொன்றது உயிருள்ள ஈஸ்டையா, ஏற்கெனவே செத்துப்போனதையா?

இதற்கு விடை இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். முதல் தரத்துக்கும் இரண்டாந்தரத்துக்கும் நடுவில் பாலும் மாறியது, ஈஸ்டும் மாறியது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 60 பேர் வந்துகொண்டிருந்த பின்னேரத்தில் யார் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள்? பத்து நாள் கழித்துச் செத்திருந்த ஈஸ்ட் அன்றைக்கும் செத்துத்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அதற்கு முந்தின வாரம் அதே பேணியிலிருந்து எடுத்துப் பணிஸ் போட்டிருக்கிறோம், கொஞ்சம் சுணங்கினாலும் எழும்பியது. சுணங்கியது என்பதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு இரவு கணக்குப் போட்டும் பார்த்தேன், இதையெல்லாம் ஒருவர் எழுதுவாரா என்று சிரிக்காதீர்கள். ஈஸ்டை நேரே பாலில் போட்டிருந்தால் பாலின் சூடுதான் தீர்ப்பு. மாவோடு கலந்து வைத்துவிட்டுப் பாலை ஊற்றியிருந்தால் கதை வேறு. 3 கிலோ மா 33 பாகையில், பால் 60 பாகையில் என்றால் கலந்த மா 47, 48-க்குத்தான் வரும், குளிர்ந்த முட்டையும் பட்டரும் சேர இன்னும் இறங்கும். ஈஸ்ட் தப்பியிருக்கும். பால் 80 என்றால் 58-க்குக் கிட்ட, பெரும்பாலும் போயிருக்கும். அவள் எதில் போட்டாள்? எங்கள் குசினியில் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கவில்லை. நான் ஒருநாள் பாலில் கரைப்பேன், அவசரமென்றால் மாவில் கலப்பேன். அவள் எதைப் பார்த்துப் பழகியிருப்பாள்? கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்லவேண்டி வந்திருக்கும்.

என் பக்கத்தையும் சொல்கிறேன். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் ஏ9 பாதையை மூடியபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரு இறாத்தல் பாணுக்கு விடியமுதல் வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் நிற்கும்போது "முடிஞ்சுது" என்று பலகையை இழுத்துச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்படி வளர்ந்தவளுக்கு 3 கிலோ மா வாளிக்குள் போவதைப் பார்க்கக் குரல் உயரத்தான் செய்யும். அவள் அந்த நாட்களில் கைக்குழந்தை. அவளுக்கு அது தெரியாது என்பது அவளுடைய குற்றமும் அல்ல.

ஆனால் அந்த மாவை வாளிக்குள் போட்டது யார்? செத்த மா என்றால் வீசத்தான் வேண்டும் என்று இல்லை. புது ஈஸ்டைக் கொஞ்சம் இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து, அதே மாவுக்குள் தெளித்து, கொஞ்சம் மா சேர்த்துப் பிசைந்தால் எழும்பியிருக்கும். ஈஸ்ட்தானே இல்லை, மற்றதெல்லாம் நல்லாகத்தான் இருந்தது. ஒன்றும் வேண்டாம், தேங்காய்ப்பூப் போட்டு ரொட்டி தட்டியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். கோபத்தில் இரண்டு கையாலும் அள்ளி வாளிக்குள் போட்டேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. ஆக மூன்று கிலோ மாவைக் கொட்டியதற்கு நான் ஏசவேண்டிய ஆள் அவள் இல்லை.

பேணி விஷயத்தை அவளிடம் சொல்லவேண்டும் என்று அந்தக் கிழமையே நினைத்தேன். வேலணையிலிருந்து பஸ்ஸில் வருவாள், வந்ததும் முகம் கழுவித் தலையைக் கட்டிக்கொண்டு நேரே பால் சட்டிக்குப் போவாள். என்னிடம் எதுவும் கேட்கமாட்டாள், மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்ப்பாள், பிறகு மற்றக் கையிலும் ஒரு துளி. அந்த இரண்டாவது துளியைப் பார்க்கப் பார்க்கச் சொல்லாமலே விட்டுவிட்டேன். சொன்னால் ஆறுதலாக இருந்திருக்குமா, அல்லது "அப்ப ஏன் அக்கா அண்டைக்கு..." என்று கேட்டிருப்பாளா? கேட்கமாட்டாள். "சரி அக்கா" என்றுதான் சொல்லியிருப்பாள். அதைத் திரும்பக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்னொரு நியாயமும் வைத்திருந்தேன், அதுதான் கனநாள் தாங்கியது. அந்த ஏச்சுக்குப் பிறகுதான் அவள் கைகாரியானாள். பால் பிழைத்ததே இல்லை, மா சுணங்கியதே இல்லை, முருங்கை மரம் தெரியுமளவுக்கு இழுப்பதில் இப்போது என்னைவிடக் கெட்டி. இதைச் சொல்லிப் பார்த்தால் சரியாகத்தான் கேட்கிறது. ஆனால் ஏசாமல் ஒரு தெர்மோமீற்றரைக் கையில் கொடுத்திருந்தாலும் இதே இடத்துக்கு வந்திருப்பாள். தெர்மோமீற்றர் வாங்கியது அடுத்த மாதம். ஈஸ்ட் இப்போது ஃபிரிட்ஜில், மீனுக்கு மேல் தட்டில், திகதி எழுதி ஒட்டிய போத்தலில். இந்த மாற்றங்களை எதற்காகச் செய்தேன் என்று குசினியில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் வேலைக்குப் புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான். அவனுக்குச் சாப்பாட்டுப் பணிஸ் பழக்குகிறவள் அவள்தான். நான் ஓவனடியில் நின்று, வெந்த தட்டுகளுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன்.

"தெர்மோமீற்றர் கிடக்கு, எண்டாலும் கையிலை விட்டுப் பார். கை பொறுக்கவேணும்," என்றாள். "நான் ஒருக்கா கொதிபாலை ஊத்தி மூண்டு கிலோ மாவைப் பழுதாக்கிப் போட்டன். அண்டைக்கு அக்கா தந்த ஏச்சு இருக்கே, அப்பா!" சிரித்தாள். பெடியனும் சிரித்தான். "கேட்டுப் பார். என்ன அக்கா?"

தூரிகையைப் பட்டருக்குள் தோய்த்தேன்.

"ஓம்," என்றேன்.