பழைய மடிக்கணினிக்கு வெளிச்சம் தேடிய நாட்கள்

2025 செப்டம்பர் 6, சனி

காலையில் ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, டிஸ்க் முனகியது, திரை மட்டும் கருப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைமேல் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் நிழல்போலத் தெரிந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. அப்பாடா! படம் வருகிறது, பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம்தான் போய்விட்டது.

பென்டியம் எம் சிப் உள்ள 2004-ஆம் வருஷத்து மெஷின் இது. 14.1 அங்குலத் திரை, 1024-க்கு 768 பிக்சல். இன்றைய அகலத் திரைகளில் பத்து வரி தெரிகிற இடத்தில் இதில் பதினைந்து வரி தெரிவதுபோல ஒரு நிம்மதி. விசைகள் ஆழமாக அமுங்கும். புதியது ஒன்றும் வீட்டில் இருக்கிறது, ஆனால் எழுத உட்கார்ந்தால் கை இதைத்தான் தேடுகிறது. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

அந்தக் காலத்துத் திரைகளில் எல்இடி இல்லை. கீழ் விளிம்போடு பென்சில் முனை கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் ஓடும். டியூப்லைட்டின் தம்பி என்று சொல்லலாம், உள்ளே துளி பாதரசமும் உண்டு. அதை எரிய வைக்கப் பல நூறு வோல்ட் வேண்டும். அதைத் தருவது இன்வர்ட்டர் என்கிற விரல் நீளப் பலகை. வெளிச்சம் போனால் குற்றவாளி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. (திரையை மடக்கி மூடியிருப்பதைச் சொல்கிற ரீட் ஸ்விட்ச், காந்தத்தால் இயங்குவது, ஒட்டிக்கொண்டாலும் விளக்கு எரியாது. முதலில் அதைத்தான் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.)

கடந்த சில மாதங்களாக ஆன் செய்த முதல் சில நிமிஷங்கள் திரை இளஞ்சிவப்பாக இருந்தது. அது குழாய்க்கு வயதானதன் அடையாளம். ஆக, என் சந்தேகம் குழாய்மேல்.

பேட்டரியைக் கழற்றி, அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் பிரித்தேன். மெஷினின் வடிவத்தை ஒரு தாளில் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். குட்டைத் திருகின் துளையில் நீளத் திருகைப் போட்டு முறுக்கினால் மறுபக்கம் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வரும், சமயத்தில் போர்டையும் பதம் பார்க்கும்.

திரையின் முதுகில் ஸ்டிக்கர் இருக்கிறது. பேனல் எண்ணையும் அடியில் உள்ள ரிவிஷன் எழுத்தையும் எழுதி வைத்துக்கொண்டேன். இன்வர்ட்டர் எண்ணையும் தனியாக.

செப்டம்பர் 13, சனி

தேடிப் பிடித்த திரை வந்து சேர்ந்தது. விளம்பரத்தில் என் மெஷினின் பெயர் சரியாகவே இருந்தது. ஆனால் கனெக்டர் பொருந்தவில்லை. என்னுடையது 20 பின், இது 30. இதே மாடலை 1400-க்கு 1050 திரையோடும் விற்றிருக்கிறார்கள். அந்தத் திரைக்குக் கேபிளே வேறு. மெஷின் பெயரைச் சொல்லித் தேடினால் இப்படித்தான். உதிரியின் மேல் அச்சடித்த எண்ணைத்தான் கேட்க வேண்டும், ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். எண் கையில் இருந்தும் நான் கேட்காமல் விட்டுவிட்டேன். ஒரு வாரம் போயிற்று.

செப்டம்பர் 20, சனி

இந்த முறை உதிரியாகத் தேடவில்லை. மதர்போர்டு செத்துப்போன இதே மாடல் மெஷின் ஒன்றை முழுசாகவே வாங்கினேன். ஸ்டிக்கர் படம் பார்த்த பிறகுதான். திரை, இன்வர்ட்டர், கீல், விசைப்பலகை, ஃபேன் எல்லாம் ஒரே பெட்டியில். பழைய மெஷினை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய களஞ்சியம் கிடையாது.

முதலில் அதன் இன்வர்ட்டரை என்னுடையதில் மாட்டினேன். இரண்டே திருகு. இருட்டுதான். என் இன்வர்ட்டருக்கு அதன் திரையைக் கொடுத்தேன். பளிச்சென்று வெளிச்சம்! குழாய்தான் போயிருக்கிறது. குழாயை மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு. பிரதிபலிப்புத் தகட்டைப் பிரித்து, நகம் பட்டாலே உடைகிற குழாயை உருவி, முனைகளைச் சால்டர் செய்ய வேண்டும். நல்ல பேனல் கையில் இருக்கும்போது அந்தச் சாகசம் வேண்டாம் என்று பேனலையே மாற்றிவிட்டேன். வெள்ளை இப்போது வெள்ளையாகத் தெரிகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் தேதி 2003-க்குப் போய்விடுகிறது. மெஷின் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது, விசைப்பலகைக்கு அடியில் கருப்பு உறைக்குள் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியது, மல்டிமீட்டர் 1.9 காட்டியது. இரண்டு கம்பி, ஒரு குட்டிக் கனெக்டர். நாணய பேட்டரிமேல் நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது, சூட்டில் உள்ளே கெட்டுப்போகும், வெடிக்கவும் செய்யலாம். தகட்டுக் கால் வெல்டு செய்து வருகிற பேட்டரி வாங்கி, அந்தக் காலில் பழைய கம்பியைச் சால்டர் செய்தேன்.

செப்டம்பர் 27, சனி

டிஸ்க்கின் முனகல் இப்போது டிக், டிக். இதற்குமேல் காத்திருக்கக் கூடாது. கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, கெட்டுவரும் டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலை ஓடவிட்டேன். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்தில் தொடரலாம். இரவு முழுக்க ஓடியது. படிக்க முடியாமல் போனது சில செக்டார்கள்தான், என் கோப்புகள் எதிலும் அவை இல்லை. பார்த்துப் பார்த்து உறுதி செய்த பிறகே தூங்கினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இது 44 பின் ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க். புதிதாகக் கிடைப்பது அரிது. எம்சாட்டா என்கிற சிறிய எஸ்எஸ்டி கார்டை 44 பின்னுக்கு மாற்றும் அடாப்டரில் 64 ஜிபி போட்டேன். இந்த மெஷினின் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) பலவும் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது, பெரியதாக வாங்கிப் பயனில்லை. மாட்டும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: வரிசையில் 20-ஆவது பின் இருக்காது, பக்கத்தில் ஜம்பருக்கென நான்கு பின் தனியாக நிற்கும். வெற்றிடத்தைப் பார்த்து மாட்டாமல் ஒரு பின் தள்ளி மாட்டினால் மின்சாரம் தவறான இடத்துக்குப் போய்விடும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவினேன். டெபியன் 13-இல் 32 பிட் மெஷின்களுக்கான நிறுவியையே எடுத்துவிட்டார்கள். கோபம் வரவில்லை, வருத்தம் உண்டு.

அக்டோபர் 4, சனி

பேட்டரி மட்டும் பாக்கி. "திறக்காத புதுசு" என்று விற்கிறார்கள். லித்தியம் அயான் பெட்டியில் கிடந்தாலும் கிழடாகும், இருபது வருஷம் கிடந்ததை நம்ப முடியாது. உறையைப் பிளந்து உள்ளே இருக்கும் 18650 என்கிற உருளை வடிவ செல்லை மாற்றலாம்தான். ஆனால் செல்லைத் துண்டித்ததும் சார்ஜ் கணக்கு வைத்திருக்கும் பேட்டரி சிப் பூட்டிக்கொள்வதுண்டு, தப்பாக உரசினால் தீ. அதை நான் செய்யப்போவதில்லை. அடாப்டரில் ஓடட்டும்.

செத்த மெஷினின் மிச்சத்தை நிலைமின்சாரம் தடுக்கும் உறைகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன். ஃபேனுக்கு மட்டும் இரண்டு எண் இருக்கிறது. இரண்டையும் எழுதினேன்.